ஒரு இடுப்புக்கு நாலு பேரு

அந்தச் சேர்ல ஒக்காராத தாயி, அதுக்கு ஒரு காலு ஆட்டம். இங்கிட்டு பெஞ்சுக்கு வா. நல்லாச் சாஞ்சு ஒக்காரு. முதுகு வகுப்புக்குத்தானே வந்திருக்கே? எப்படித் தெரியும்னு பாக்குறியா? ஒக்காருறதுக்கு முன்னாடி இந்த பெஞ்ச ஒரு பார்வை பாத்தே பாரு, புதுச் சம்பந்தியப் பாக்குற மாதிரி. இடுப்பு வலிக்காரி மட்டுந்தான் அப்படிப் பாப்பா.

மொத நாளா? சரி, சரி. கூப்புட இன்னும் முக்கா மணி நேரம் ஆகும். இந்த ஆஸ்பத்திரியப் பத்தி எதுனாலும் என்கிட்டக் கேளு. பதினாறு வருசமா வார்டு ஆயா. மூணாவது மாடி, ஆம்பளைக எலும்பு வார்டு. ஒச்சம்மான்னு சொன்னா லிப்ட்டே நின்னு ஏத்திக்கிட்டுப் போகும். இன்னைக்கு எதுக்கு வந்திருக்கேன்னா, மூணு மாசத்துக்கு ஒருக்கா வந்து தலையக் காட்டணுமாம். காட்டுறேன், அதுல எனக்கென்ன குறைஞ்சு போச்சு? ஆனா ஒண்ணு தாயி, இவுகளால எனக்கு ஒண்ணும் சரியாகல. அத மொதல்லயே சொல்லிப்புடுறேன். சரியானது நானாச் சரியானது.

எலும்பு வார்டுல படுத்திருக்கவன் தானாப் பொரள முடியாது. பொரட்டிவிடணும், தூக்கணும், பெட்பேன் வைக்கணும், வீல்சேருக்கு மாத்தணும். ரெண்டு பேரு பாக்க வேண்டிய வேலை. எங்க சூப்பர்வைசர் தங்கதுரை, ஷிப்டுக்கு ஒரே ஆளத்தான் போடுவான். நான் தூக்கிருவேன். ஒத்தையா. தொண்ணூறு கிலோ ஆம்பளையா இருந்தாலும் கக்கத்துல கையக் குடுத்து ஒரே மூச்சு. நர்சுகள்லாம் வாயப் பொளந்து பாப்பாக. "ஒச்சம்மாக்கா இருக்கப்ப நமக்கென்னடி கவலை"ம்பாக. அந்த ஒரு சொல்லு போதும், மலையவே பெரட்டிப்புடுவேன்.

ரெண்டு வருசத்துக்கு முந்தி ஒரு மிட்டாய்க்கடைக்காரரு தொடை எலும்பு ஒடஞ்சு வந்து படுத்தாரு. ஆளு குதிரு கணக்கா இருப்பாரு. மதியம் சோத்து நேரம். தூக்கி ஒக்கார வைக்கணும். தூக்குனேன். இடுப்புல யாரோ சீமெண்ணெயக் கொளுத்திப் போட்ட மாதிரி சுர்ருன்னு ஒரு இழு. அந்த மனுசனக் கீழ போடல, அத எழுதி வச்சுக்க. மெல்லச் சாச்சு, தலகாணி வச்சு, சோறு ஊட்டி, வாய் தொடச்சு விட்டுட்டுத்தான் சுவரப் புடிச்சேன்.

அன்னைக்குப் புடிச்சது விடல. ஸ்கேன் எடுத்தாக. ஜவ்வு லேசா வெலகிருக்காம், தேய்மானமாம். தேய்மானம்! நான் என்ன செருப்பா, தேயிறதுக்கு? ரெண்டு மாசம் படுக்கச் சொன்னாரு ஒருத்தரு. படுத்தேன். படுக்கப் படுக்க ஒடம்பு கட்டையாப் போச்சு. எண்ணெய் போட்டு வழிச்சாக, பத்துப் போட்டாக, ஊசி போட்டாக, ஒண்ணுக்கும் மசியல. கடைசியா ஒரு பெல்டு மாட்டிவிட்டாக. குளிக்கிறப்ப மட்டுந்தான் அதக் கழட்டுவேன். என் மக சொல்லுவா, "அம்மா, உனக்குத் தாலிக்கு அடுத்து இதுதான்"னு. தாலியக் கழட்டிப் பதினெட்டு வருசமாச்சு, அது அவளுக்கும் தெரியும். வாய்க் கொழுப்பு, என்ன மாதிரியே.

திரும்ப வேலைக்குப் போனா, தங்கதுரை சொல்றான், "ஒச்சம்மா, நீ இனி டோக்கன் குடுக்குற எடத்துல ஒக்காந்துக்க." நான் என்ன டோக்கன் கிழிக்கவா பொறந்தேன்? என் வார்டுக்குத்தான் போவேன்னேன். "அப்ப வேலை பாக்கலாம்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கிட்டு வா. தைப் பொங்கல் வரைக்கும் பாப்பேன். அதுக்குப் பெறகு உன் எடத்துல வேற ஆளு நிரந்தரம்"னான். நிரந்தரமாம்! பதினாறு வருசம் நான் பாத்த எடம் தாயி அது. எந்தக் கட்டிலுக்கு எந்தச் சக்கரம் கத்தும்னு எனக்குத் தெரியும்.

பெரிய டாக்டர்கிட்டப் போனேன். அவரு லேசுல எழுதித் தரல. "பத்து வாரம் முதுகு வகுப்பு, வாரத்துக்கு மூணு நாள். முடிச்சிட்டு வா, தர்றேன்"னாரு. சரின்னு வந்து பாத்தா நாலு பேரு நிக்கிறாக! பெரிய டாக்டரு, ஒடம்புப் பயிற்சிக்கு அப்ரின்னு ஒரு பிசியோ பாப்பா, மனசப் பத்திப் பேச வசுமதி மேடம், வேலைய எப்படிச் செய்யணும்னு சொல்லிக் குடுக்க ஜெபராஜ் தம்பி. வியாழக்கிழமையானா நாலு பேரும் ஒரு மேசையச் சுத்தி ஒக்காந்து என் இடுப்பப் பத்திப் பேசுவாகளாம். ஒரு இடுப்புக்கு நாலு பேரா? நாலு பேரு சேந்து தூக்குறதெல்லாம் செத்த பெறகுதான், உசுரோட இருக்கப்ப எனக்கு ஒருத்தரும் வேணாம்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டேன். மத்தவுக சிரிச்சாக. அந்த மேடம் மட்டும் சிரிக்காம என்னத்தையோ எழுதிக்கிச்சு.

அப்புறம் அந்த நம்பரு. உன்கிட்டயும் கேப்பாக, "இன்னைக்கு வலி பத்துக்கு எத்தனை?"ன்னு. வலியே இல்லைன்னா பூஜ்யம், உசுரு போகுதுன்னா பத்து. இதுல எனக்கு இருக்குற அனுபவம் இங்க டாக்டருக்கே கெடையாது. வார்டுல பாக்குறேன்ல? மூணுன்னு சொல்றவன யாரும் ஏறிட்டுப் பாக்க மாட்டாக. பத்துன்னு கத்துனா, நடிக்கிறான்னு நெனப்பாக. எட்டு. எட்டுதான் மரியாதையான நம்பரு. எட்டுன்னா நர்சு ஊசியோட வந்து நிப்பா. எத்தனை பேருக்கு நானே காதுல ஓதியிருக்கேன், "அண்ணே, எட்டுன்னு சொல்லுங்க"ன்னு. அதனால அப்ரின் பாப்பா கேட்டதும் நான் யோசிக்கவே இல்ல. எட்டுன்னேன்.

மொத வாரமே பாப்பாவுக்கும் எனக்கும் சண்டை. பெல்ட்டக் கழட்டச் சொல்லுது. மாட்டேன்னேன். "வலிக்குதுன்னா உள்ள ஏதோ ஒடையுதுன்னு அர்த்தம் இல்லக்கா. வலி வேற, சேதம் வேற"ன்னுச்சு. "உனக்கு என்ன வயசு?"ன்னு கேட்டேன். இருபத்தாறாம். "ஒரு புள்ளையப் பெத்துட்டு வந்து வலியப் பத்திப் பேசு"ன்னேன். கோவிச்சுக்கிடல. "சரிக்கா, பத்து நிமிசம் மட்டும் கழட்டிட்டு நடப்போம். பத்தாவது நிமிசம் நானே மாட்டி விடுறேன்"னு கூடவே நடந்துச்சு. மறுநாள் பன்னெண்டு நிமிசம். அதுக்கு அடுத்து பதினஞ்சு. இந்த வராந்தாவுல எத்தனை தரம் நடந்தேன்னு கணக்கே இல்ல. ஒரு நாள் வீட்டுக்குப் போயி பாத்தா பெல்டு என் பையில சுருண்டு கெடக்கு. மாட்ட மறந்துட்டேன். அது அந்தப் புள்ளையோட கவனக்கொறவு, வேற ஒண்ணுமில்ல.

நாலாவது வாரம் ஒரு நாள் எந்திரிச்சா ஒடம்பு லேசா இருக்கு. சும்மா இருப்பேனா? வீட்ட ஒழிச்சு, கழுவி விட்டு, மெத்தையத் தூக்கி மாடில போட்டு வெயிலு காட்டுனேன். மறுநாள் கழிப்பறைக்குக் கூடப் போக முடியல. ரெண்டு நாள் வகுப்புக்கு மட்டம். ஜெபராஜ் தம்பி போன் போட்டுக் கேக்குது, "அக்கா, நல்லா இருந்த அன்னைக்கு என்ன செஞ்சீங்க?" அதுக்கு எப்படித் தெரிஞ்சுச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. நல்ல நாளுலயும் அளவாத்தான் செய்யணுமாம், கெட்ட நாளுலயும் கொஞ்சம் செய்யணுமாம். இதச் சொல்ல ஒரு படிப்பா? எங்க ஊருல மாடு மேய்க்கிறவன் சொல்லுவான், மாட்ட ஒரே நாள்ல ஓட்டிக் கொல்லாதன்னு.

மேடத்தப் பத்திச் சொல்லணும். இடுப்பு வலிக்கு மனசு டாக்டரு எதுக்கு? நான் என்ன கிறுக்கியா? அதத்தான் கேட்டேன். "வலி வந்தா யாரைக் கூப்பிடுவீங்க ஒச்சம்மா?"ன்னு அது என்னக் கேட்டுச்சு. யாரையும் கூப்புட மாட்டேன்னேன். "வலி இல்லாதப்ப?" அப்பயும்தான். "எப்ப இருந்து?"ன்னுச்சு.

எப்ப இருந்து? எங்க வீட்டுக்காரரு எங்களை விட்டுட்டுப் போனப்ப என் மகளுக்கு ரெண்டு வயசு. ஒரே ஒரு தரம் எங்க அண்ணன் வீட்டு வாசல்ல போயி நின்னேன், புள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு. மதினி வெளிய வந்து, "என்ன வேணும்?"னு கேட்டா. உள்ள வான்னு சொல்லல தாயி. என்ன வேணும்னு கேட்டா. ஒண்ணும் வேணாம் மதினி, இந்தப் பக்கமா வந்தேன்னு சொல்லிட்டுத் திரும்பிட்டேன். அதுக்குப் பெறகு அடிபம்புல தண்ணி புடிச்சா, தலைக்குக் குடத்த ஏத்திவிடக்கூட ஒருத்தியக் கூப்பிட்டதில்ல. மொதல்ல மேடை மேல வைப்பேன், அப்புறம் குனிஞ்சு தலையக் குடுத்துத் தூக்கிக்குவேன். இதெல்லாம் அந்த மேடத்துக்கிட்ட ஏன் சொன்னேன்னு தெரியல. அந்த ரூம்புல பேன் ஓடுது பாத்துக்க, ஒரே தூசி. கண்ணுல தண்ணி கொட்டோ கொட்டுன்னு கொட்டிருச்சு. மேடம் பேப்பர் கைக்குட்டைய நீட்டுச்சு. பேனத் தொடைக்கச் சொல்லுங்கன்னு சொல்லிட்டு வந்தேன்.

அன்னைக்கு ராத்திரி நல்லாத் தூங்குனேன். மாத்திரை மாத்திக் குடுத்திருப்பாக.

ஜெபராஜ் தம்பி ஒரு மணல் மூட்டைய ஆளு மாதிரி தச்சு, சட்டை மாட்டி, கட்டில்ல படுக்க வச்சிருக்கும். நாங்க அதுக்கு மாப்பிள்ளைன்னு பேரு வச்சிருந்தோம். மாப்பிள்ளையத் தூக்கித் தூக்கித்தான் பழகணும். குனியிறப்ப முழங்கால மடக்கு, பாரத்த நெஞ்சோட ஒட்டி வையி, இடுப்பத் திருகாம காலத் திருப்பு. அதெல்லாம் ரெண்டே நாள்ல புடிச்சுக்கிட்டேன். கடைசிப் பாடந்தான் ஆகல. மாப்பிள்ளைய ரெண்டு பேரு தூக்கணும். அதுக்கு முன்னாடி நான் பக்கத்துல இருக்கவுகளப் பாத்து, "ஒரு கை புடிங்க"ன்னு சொல்லணும். அம்புட்டுத்தான் பரீட்சை.

என் வாயி எப்பேர்ப்பட்ட வாயி! மூணாவது மாடில பேசுனா கேட்டுல நிக்கிற வாச்மேனுக்குக் கேக்கும். அந்த மூணு வார்த்தை வரல தாயி. நிக்கிறேன், நிக்கிறேன், மாப்பிள்ளையோட சட்டைய நீவி விட்டுக்கிட்டே நிக்கிறேன். கூட வகுப்புல இருந்தவுகள்லாம் பாக்குறாக. கால் மணி நேரம். கடைசில மாப்பிள்ளைய நானே கக்கத்துல அள்ளி வீல்சேர்ல ஒக்கார வச்சுட்டு, "ஆச்சா?"ன்னேன். தம்பி, "ஆகலக்கா"ன்னுச்சு. கடைசி நாள் வரைக்கும் ஆகல. சொல்லிப்புட்டேன், நான் தூக்குறவ, கேக்குறவ இல்லைன்னு.

அந்த ஒரு பாடம் பாக்கிதான், ஆனாலும் பத்து வாரம் முடிஞ்சு பேப்பரு வந்துச்சு. நாப்பது நிமிசம் நடக்குறா, ஒரு மணி நேரம் ஒக்காருறா, பதினஞ்சு கிலோ தூக்குறா, நோயாளியத் தூக்குறப்ப ரெண்டு பேரு இருக்கணும், வேலைக்குப் போகலாம். எல்லாம் எழுதி டாக்டரு கையெழுத்துப் போட்டிருந்தாரு. தங்கதுரை வாங்கி மேல இருந்து கீழ வரைக்கும் பாத்தான். அடியில ஒரு வரியில போயி விரல வச்சான். வலி, பத்துக்கு எட்டு.

"மொத வாரம் எட்டு, பத்தாவது வாரமும் எட்டா? அப்ப நீ நோயாளி. நோயாளிய நோயாளி எப்படித் தூக்க முடியும்? போயி பூஜ்யம்னு எழுதி வாங்கிட்டு வா"ன்னான்.

பொங்கலுக்கு அஞ்சு நாளு இருக்கு. நேரா அப்ரின் பாப்பாகிட்ட வந்தேன். அது தலையில கைய வச்சுக்கிச்சு. "அக்கா, நான் எத்தனை தடவை கேட்டேன்? இம்புட்டுத் தூரம் நடக்குறீங்க, மாடிப்படி ஏறுறீங்க, இன்னமும் எட்டான்னு?" நான் என்ன செய்ய? வார்டு வழக்கம். "சரி, இப்பச் சொல்லுங்க. என்ன சொல்றீங்களோ அதை எழுதுறேன். பத்துக்கு எத்தனை?"

பூஜ்யம்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சு போச்சு. எட்டே பொய்யி, பூஜ்யம் இன்னொரு பொய்யி. பொய்யில என்ன பெருசு, சிறுசு? நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. அப்பத்தான் ரோசன ஓடுச்சு. பூஜ்யம்னு எழுதுனா தங்கதுரை என்ன சொல்லுவான்? "வலிதான் இல்லையே, ஒத்தையாத் தூக்கு"ம்பான். மறுபடியும் ஒரு மிட்டாய்க்கடைக்காரரு வருவாரு. மறுபடியும் சுவரு. ஏன்டா, என் முதுகு வலிக்குதா இல்லையான்னு நீ முடிவு பண்ணுவியா? எனக்கு வந்துச்சு பாரு கோவம்!

"நல்ல நாள்ல மூணு. மழை நாள்ல அஞ்சு. அப்படியே எழுது"ன்னேன்.

அந்தப் புள்ள எழுதாம என்னையே பாத்துச்சு. "பத்து வாரத்துல இன்னைக்குத்தான் அக்கா உண்மையச் சொல்றீங்க"ன்னுச்சு. நான் எப்பவும் உண்மைதான் சொல்றவ, நீ கேக்குற விதத்துலதான் கோளாறுன்னேன்.

பேப்பர எடுத்துக்கிட்டு மூணாவது மாடி ஏறுனேன். லிப்ட்டு இல்ல, படி. தங்கதுரை வார்டுக்குள்ள நின்னுக்கிட்டிருந்தான். வாங்கிப் பாத்தான். "அஞ்சும் வலிதானே? இந்தப் பேப்பரு செல்லாது"ன்னான்.

"வலி இருக்கும் சார். வலியோட வேலை பாப்பேன். டாக்டரு அப்படித்தான் எழுதியிருக்காரு. படிச்சுப் பாருங்க"ன்னேன்.

"சட்டம் பேசாத ஒச்சம்மா."

அந்நேரம் ஏழாம் நம்பர் கட்டில்ல ஒரு லாரி டிரைவரு. இடுப்பு எலும்பு ஆப்ரேசன் முடிஞ்சு மூணாம் நாளு. மெல்ல மெல்லச் சரிஞ்சு கட்டிலு விளிம்புக்கு வந்துட்டாரு. "யம்மா, யம்மா"ன்னு முனங்குறாரு. என் எடத்துக்குப் போட்டிருந்த பொம்பள இன்னொருத்தர எக்ஸ்ரேக்குக் கூட்டிக்கிட்டுக் கீழ போயிருக்கா. நர்சு அந்தக் கடைசில ஊசி போட்டுக்கிட்டிருக்கா. ஓடிப் போயி அவருக்குத் தோளக் குடுத்து அணையா நின்னேன். நூறு கிலோ இருப்பாரு. பழைய ஒச்சம்மான்னா இந்நேரம் தூக்கியிருப்பா. கை தன்னால அவரு கக்கத்துக்குப் போகுது. போன கை நின்னுபோச்சு.

"சார், ஒரு கை புடிங்க."

என் வாயிதான் சொல்லுச்சு. எனக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. தங்கதுரை பின்னாடி திரும்பிப் பாக்குறான், வேற எவனையோ கூப்புடுறேன்னு. "உங்களத்தான் சார்! அந்தப் பக்கம் வாங்க. பேனாவப் பையில போடுங்க. குனியாதீங்க, முழங்கால மடக்குங்க. விரிப்போட சேத்துப் புடிங்க. நான் மூணு சொல்றப்பத் தூக்கணும்." வார்டே பாக்குது. இஸ்திரி போட்ட சட்டையோட அந்தாளு முழங்கால மடக்குனான் தாயி! ஒண்ணு, ரெண்டு, மூணு. பூ மாதிரி நகந்து நடுக்கட்டிலுக்குப் போயிட்டாரு டிரைவரு. "வலிக்கவே இல்ல ஆத்தா"ன்னாரு. என் இடுப்புல கொஞ்சம் இருந்துச்சு. இருந்துட்டுப் போகுதுன்னு விட்டுட்டேன்.

தங்கதுரைக்கு மூச்சு வாங்குது. கையத் தொடச்சான். பேப்பர மறுபடி எடுத்து, அந்த ரெண்டு பேரு வரிய அப்பத்தான் படிச்சான்போல. "இத்தனை பாரத்தையா நீ ஒத்தையாத் தூக்கிக்கிட்டிருந்தே?"ன்னு கேட்டான். "பின்ன, நீங்களா வந்து தூக்குனீங்க?"ன்னேன். பேப்பர மடிச்சுப் பையில வச்சான். அப்புறம், "திங்கக்கிழமை காலையில டியூட்டிக்கு வா. அந்தப் பொம்பளையும் இருக்கட்டும். இனி ஷிப்டுக்கு ரெண்டு பேரு"ன்னான்.

போனேன். இந்தா, பொங்கல் முடிஞ்சு இம்புட்டு மாசமா அங்கதான் இருக்கேன், என் வார்டுல. செயிச்சுட்டேன்ல? செயிச்சுட்டேன். ஆனா அந்தாளு அத்தோட நிறுத்தியிருக்கலாம். கதவு வரைக்கும் போனவன் திரும்பி நின்னு ஒரு வார்த்தை சொன்னான் பாரு, அதுக்குத்தான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் அடங்கல.

"ஏன் ஒச்சம்மா, இத்தனை வருசத்துல ஒரு நாளு வாயத் தொறந்து ஆளு வேணும்னு கேட்டிருந்தா, அன்னைக்கே போட்டிருப்பேனே"ங்கிறான்.

கேட்டிருந்தா போட்டிருப்பானாம்! கேட்டிருந்தா என் இடுப்பு இன்னைக்கு முழுசா இருந்திருக்குமாம்! எம்புட்டு நெஞ்சழுத்தம் பாரு. ராத்திரி படுத்தா இதுதான் காதுல கேக்குது. மேடத்துக்கிட்டச் சொன்னேன், அது என் கையப் புடிச்சுக்கிட்டு ஒக்காந்திருந்துச்சு. என் மககிட்டச் சொன்னேன், "கேட்டுத்தான் பாத்திருக்கலாம்மா"ங்கிறா. அவளுக்கு என்ன தெரியும்?

நீ படிச்ச புள்ள, நீ சொல்லு. கேட்டிருந்தா குடுத்திருப்பானா?

இரு, இரு. வேணாம், நீ சொல்லாத.

குடுத்திருக்க மாட்டான் தாயி. நான் சொல்றேன். மாட்டான்.